அகன்ற சிறை: கடல்நீர்த் தொட்டி எழுப்பும் ஓர் அறவினா

அடைபட்டுக் கிடக்கும் ஓர் உயிருக்கு இடத்தை அகலமாக்கிக் கொடுத்தல் நற்செயல் என்பதில் எவரும் ஐயுறுவதில்லை. கூண்டுக் கிளிக்குப் பெரிய கூண்டு, கட்டிய கன்றுக்கு நீண்ட கயிறு என இவையெல்லாம் இரக்கத்தின் அடையாளங்களாகவே கொள்ளப்படுகின்றன. ஆயினும் அடைத்தவரே அகலமாக்கிக் கொடுப்பவராகவும் இருக்கும்பொழுது அச்செயலுக்கு யாது பெயரிடுவது? அது கொடையா, கடனா, அன்றி முன்னைய குற்றத்தின் தொடர்ச்சியா? சிறியதொரு கடல்நீர்த் தொட்டியில் வளரும் மீன்களையும் பிற உயிர்களையும் பெரியதொரு தொட்டிக்கு மாற்றுதல் என்னும், பார்வைக்கு அற்பமான, வீட்டுக் காரியம் ஒன்று இவ்வினாவைத் தெளிவாக எழுப்புகின்றது. அற்பமான காரியமாதலினாலேயே அது ஆராய்வுக்கு ஏற்றதாகின்றது. அரசுகளையும் இனங்களையும் பற்றிப் பேசும்பொழுது எழும் புழுதி இங்கே எழுவதில்லை.

இக்காரியம் அளவெட்டியில் நிகழ்வதாகக் கொள்க. அளவெட்டி கடற்கரை ஊர் அன்று. வலிகாமத்தின் உட்பகுதியிலே, தோட்டங்களும் பனங்கூடல்களும் சூழ அமைந்த வேளாண்மைக் கிராமம் அது. நாதசுரத்துக்கும் தவிலுக்கும் பெயர்பெற்றது. கவிஞர் மகாகவி உருத்திரமூர்த்தி 1927இல் பிறந்த ஊர். கடல், சில மைல் வடக்கே, கீரிமலையிலும் காங்கேசன்துறையிலும் இருக்கின்றது. அத்தகைய ஊரிலே ஒரு வீட்டு விறாந்தையில் நூறு லீற்றர் கடல்நீரைக் கண்ணாடிச் சுவர்களுக்குள் நிறுத்தி வைத்தல் நெய்தலைப் பெயர்த்து வந்து தோட்டத்தின் நடுவே நடுவதை ஒக்கும்.

எனினும், அளவெட்டி கடலோடு தொடர்பற்றது என்று முடிவுகட்டுதல் அவசரமாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடிப்பாறை மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல்; பழைய கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகள் படிந்து இறுகியதனால் உண்டானது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறொன்றும் இல்லாத இந்நிலத்தில், மாரி மழை கல்லின் வெடிப்புகளூடாகக் கீழிறங்கி, அங்கே ஏற்கனவே நிறைந்துள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதக்கின்றது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்தினும் ஓரடி உயர்ந்திருக்குமாயின், அதன் கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கும் என்பது நிலநீரியலார் கைக்கொள்ளும் கணக்கு. கணக்கின் மறுபுறம் அச்சந்தருவது: மேலே ஓரடி இறைத்து வற்றச் செய்தால் கீழே நாற்பது அடி உவர் ஏறி வரும். துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலத்தில் மனிதனின் தோள்வலியே இதற்கு வரம்பு விதித்தது. இயந்திரம் வந்தபின் அவ்வரம்பு நீங்கியது. ஆகவே, மூடிய நீர்நிலை ஒன்றில் உள்ளே இட்டது உள்ளேயே தங்கும் என்ற உண்மையைக் கற்க அளவெட்டியார் மீன்தொட்டி வாங்க வேண்டியதில்லை. தோட்டங்களுக்கு இட்ட உரமும் மலசலக்குழிகளின் கசிவும் நைத்திரேற்றாக மாறிக் கிணற்று நீரிற் சேர்தலை வலிகாமம் நெடுங்காலமாக அறிந்திருக்கின்றது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்துள்ள எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. அதனைக் கடந்த கிணறுகள் இப்பகுதியிற் பல. தொட்டியில் நிகழ்வதும் வேறன்று.

இனி, மாற்றுதல் என்பது யாதென நோக்குவோர் முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் கைவிடவேண்டும். பழைய தொட்டியிலுள்ள மீனை வலையால் அள்ளிப் புதிய தொட்டியின் தெளிந்த நீரில் விடுதலே மாற்றுதல் எனப் புதியவர் கருதுவர். அவ்வாறு செய்தாற் பெரும்பாலும் மீன் இறக்கும். அதனைக் கொல்வது அதன் கழிவேயாகும். மீன்கள் தம் செவுள்வழியே அமோனியாவை வெளியேற்றுகின்றன. கடலிலே அது கரைந்து மறைந்துவிடும். தொட்டியிலோ தங்கி நஞ்சாகும். இந்நஞ்சை ஒருவகைப் பற்றீரியா நைத்திரைற்றாக்குகின்றது. இன்னொரு வகை அதனைப் பெரிதும் தீங்கற்ற நைத்திரேற்றாக்குகின்றது. உருசிய அறிஞர் வினொகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டளவில் மண்ணிற் கண்டு காட்டிய இச்செயலே ஒவ்வொரு தொட்டியையும் வாழவைக்கின்றது. புதிய தொட்டியில் இவை இல்லை. தாமாகத் தோன்றிப் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை செல்லலாம். கண்ணாடி மினுங்கும்; நீர் பளிங்குபோலத் தோன்றும்; ஆயினும் அங்கே குடியிருப்பை இயலச் செய்யும் கூட்டம் இன்னும் வந்து சேரவில்லை.

இதனை உணர்ந்தவருள் பலர் மறுபுறத்திற் பிழை செய்கின்றனர். பழைய நீரிலேதான் பழைய வாழ்வு இருக்கின்றது என நம்பி, அந்நீரைத் துளியும் சிந்தாது சுமந்து செல்கின்றனர். உண்மையில், நன்மை செய்யும் பற்றீரியாக்களுட் பெரும்பாலானவை நீரில் மிதப்பன அல்ல. கல்லிலும் மணலிலும் வடிகட்டியிலும் ஒட்டி வாழ்வன. பழைய நீர் சுமந்து வருவது பெரும்பாலும் பழைய நைத்திரேற்றையே. ஆதலின் காக்கவேண்டியது ஈரம் உலராத கல். நுண்டுளைகள் நிறைந்த முருகைக்கல் அல்லது சுண்ணாம்புக்கல்லின் உள்ளறைகளில் ஆயிரமாயிரம் கண்ணுக்குப் புலப்படாத குடிகள் இருக்கின்றன. அக்கல் வெயிலிற் சிலமணி நேரம் காய்ந்தால் அக்குடிகள் மடிந்து, கல்லே புதிய நஞ்சின் ஊற்றாகிவிடும்.

மணலின் நிலை இன்னும் நுட்பமானது. ஆண்டுக்கணக்காகக் கிளறப்படாத மணற்படுக்கையின் அடியில் ஒட்சிசன் எட்டாத கரிய படை ஒன்று உருவாகும். அழுகிய முட்டை மணமுள்ள ஐதரசன் சல்பைட்டு அங்கே தேங்கும். கிளறாதிருக்கும்வரை அதனால் தீங்கில்லை. தொட்டியை மாற்றும் நாளில் அம்மணலை அப்படியே அள்ளிப் புதிய தொட்டியிற் கொட்டினால், பல ஆண்டு அழுக்கு ஒரே கணத்தில் வெளிப்பட்டு யாவற்றையும் அழித்துவிடக் கூடும். அதனால் அனுபவமுடையோர் அடிமணலை அங்கேயே விட்டுவிட்டு, அல்லது நன்கு கழுவியபின், மேற்படையிலிருந்து ஒரு கைப்பிடி மணலை மட்டும் விதையாக எடுத்துச் செல்வர். மரபு பற்றிய விவாதங்களில், பழமை முழுவதையும் சுமப்பவரும் பழமை முழுவதையும் கொட்டுபவரும் எதிரெதிராக நின்று பேசுதலைத் தமிழ்ச் சங்க மேடைகள் பல கண்டிருக்கின்றன. பழமையின் எப்பகுதி உயிருடையது, எப்பகுதி கிளறாதிருந்தமையால் மட்டும் தீங்கற்றிருந்தது என்ற கேள்வி அம்மேடைகளில் அரிதாகவே எழுவது வியப்புக்குரியது.

நீர், கல், மணல் என்ற இவ்வேறுபாடுகள் வெறும் தொழில்நுட்பம் அல்ல. அறத்தின் ஒரு பெரும் வினா இவற்றிலே தங்கியிருக்கின்றது: நல்லெண்ணம் போதுமா? இதற்கு விடைகாண இன்னொரு செய்தியும் துணைபுரியும். கொழும்பில் வாங்கிய மீன் பொலித்தீன் பையில் அடைபட்டு, ஏறத்தாழ 400 கிலோமீற்றர் பயணஞ்செய்து யாழ்ப்பாணம் வந்து சேர்வதாகக் கொள்க. பைக்குள் மீன் மூச்சுவிடும், காபனீரொட்சைட்டுப் பெருகும், அதனால் நீர் சற்றே அமிலத்தன்மை அடையும். அதே பைக்குள் அமோனியாவும் பெருகும். ஆனால் அமிலம் மிகுந்த நீரில் அது அமோனியம் என்ற, பெரிதும் தீங்கற்ற, வடிவிலே நிற்கும். நெடும்பயணத்தால் வாடிய மீனைக் கண்டு இரங்கிய ஒருவர், அது காற்று வாங்கட்டும் என்று பையை அவிழ்த்து அருகில் வைத்துவிட்டு ஆறுதலாக ஏனைய ஆயத்தங்களைச் செய்கின்றார். காபனீரொட்சைட்டு வெளியேறுகின்றது; அமிலத்தன்மை குறைகின்றது; அமோனியம் மீண்டும் அமோனியாவாக மாறுகின்றது. அடைபட்ட நீரில் உயிரோடு வந்த மீன், திறந்த பையில் இறக்கின்றது.

கட்டு அவிழ்த்தமையே கொன்றது என்னும் இம்முரண், சிறைகளைத் திறத்தல் பற்றிய எளிய நம்பிக்கைகளைச் சற்று அசைக்கவே செய்யும். எனினும் இதிலிருந்து பையை என்றும் திறவாதிருப்பதே நன்று எனும் முடிவுக்கு வருபவர், காவலரின் தருக்கத்தைப் பேசுபவராவார். பை திறக்கப்படவே வேண்டும். திறந்தபின் தாமதம் கூடாது என்பதே செய்தி. இங்கே இமானுவேல் கான்ற் கூறியது கருதத்தக்கது. 1785இல் வெளியிட்ட ஒழுக்கவியல் நூலில், எவ்வித நிபந்தனையுமின்றி நல்லதெனக் கூறத்தக்கது நல்விருப்பம் ஒன்றே என அவர் நிறுவினார். அதனை மேலோட்டமாகப் படிப்பவர், பையைத் திறந்தவர் குற்றமற்றவர் என்பர். ஆனால் நல்விருப்பம் என்பது வெறும் ஆசையன்று, இயன்ற வழிவகைகள் யாவற்றையும் திரட்டும் முயற்சி என்றும் கான்ற் அங்கேயே தெளிவுபடுத்தியிருக்கின்றார். அவ்வாறாயின், அமோனியாவின் இயல்பைக் கற்றல் நல்விருப்பத்துக்குப் புறம்பான ஒரு திறமை அன்று, அதன் உள்ளுறுப்பேயாகும். தன் பிடியிலுள்ள உயிரைப் பற்றிக் கற்க மறுத்துக்கொண்டே அதன்மேல் அன்பு பாராட்டுபவர் அன்பை நடிப்பவர் என்றுகூடக் கூறலாம். இது கடுமையான தீர்ப்புத்தான். ஆனால் கற்கும் வாய்ப்பு இல்லாதவரைப் பற்றியன்று, கற்க மறுப்பவரைப் பற்றியே இது கூறப்படுகின்றது.

அறிவும் உண்டு, நல்லெண்ணமும் உண்டு என வைத்துக்கொண்டாலும் அடுத்த வினா காத்திருக்கின்றது. பெரியது நல்லது என்பதை அளந்தவர் யார்? சீன ஞானியான சுவாங்சு பாலத்தின்மேல் நின்று கீழே துள்ளும் மீன்களைக் கண்டு அவற்றின் இன்பத்தைப் பற்றிப் பேச, நீர் மீன் அல்லவே, மீனின் இன்பத்தை எவ்வாறு அறிவீர் என நண்பர் குறுக்கிட்டதாக ஒரு பழங்கதை உண்டு. நீர் நான் அல்லவே, நான் அறியேன் என்பதை நீர் எவ்வாறு அறிவீர் என்று ஞானி திருப்பிக் கேட்டார். உரையாடல் விளையாட்டுப் போன்றது, வினாவோ விளையாட்டன்று.

கோமாளி மீனை எடுத்துக்கொள்க. கடற்சாமந்தியின் நச்சுக் கரங்களுக்கிடையே அது வாழ்கின்றது. கடலிலேகூடத் தன் சாமந்தியை விட்டுச் சில அடி தூரத்துக்கு அப்பால் அது செல்வது அரிது. ஒரு சாமந்தியில் வாழும் குழுவில் மிகப் பெரியதே பெண், அடுத்தது ஆண், ஏனையவை வளராது காத்திருப்பவை. பெண் இறந்தால் ஆண் பெண்ணாக மாறுகின்றது. காத்திருந்தவற்றுள் மூத்தது ஆணாகின்றது. இத்தகைய உயிருக்கு நூறு லீற்றர் நானூறாவதால் நேரே கிடைப்பது சொற்பம். சாமந்தி நலமாக இருத்தலே அதற்கு உலகம். மாறாக, பாறைப் பாசியை மேய்ந்துகொண்டு நாள் முழுதும் நெடுந்தூரம் நீந்தும் மீன்வகைகளுக்கு நூறு லீற்றர் சித்திரவதை, நானூறும் சிறிதே. ஒரே தொட்டியில் இவ்விரு வகையும் இருக்குமாயின், இடம் என்ற ஒரே சொல் அவற்றுக்கு இரு பொருள் தருகின்றது. கிணற்றுத் தவளையை எள்ளும் பழமொழியிலேயும் இத்தகைய அவசரம் ஒன்று உண்டு. கிணறு தவளைக்குச் சிறியதா என்பதைத் தவளையிடம் எவரும் கேட்டதில்லை.

ஆயினும் பெருந்தொட்டிக்கு ஐயமற்ற ஒரு நன்மை உண்டு. அதனை இரக்கத்தின் மொழியிலன்றிக் கணக்கின் மொழியிலேயே கூறவேண்டும். கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. நூறு லீற்றர் தொட்டியிலிருந்து பத்து லீற்றர் ஆவியானால், உப்பு ஆவியாகாது தங்கிவிடுவதால், அது ஏறத்தாழ 39 கிராமாக உயரும். நானூறு லீற்றர் தொட்டியிலிருந்து அதே பத்து லீற்றர் போனால் 36ஐயும் எட்டாது. வெப்பமும் நஞ்சும் ஒட்சிசன் குறைவும் இவ்வாறே. பெரிய நீர்நிலை மெதுவாகவே கெடுகின்றது. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டபொழுது, காற்றுக்குழாய் நின்றுபோன சிறு தொட்டிகளில் உயிர்கள் தாக்குப்பிடிக்கும் நேரம் எவ்வளவு குறுகியது என்பதை எண்ணிப் பார்க்கலாம். எனவே பெருந்தொட்டி முதன்மையாக அளிப்பது சுதந்திரம் அன்று. வளர்ப்பவரின் கவனக்குறைவிலிருந்தும் நாட்டின் தடுமாற்றங்களிலிருந்தும் உயிர்களுக்கு அது கூடுதலான தவணை வாங்கித் தருகின்றது. வளர்ப்பவரின் குறைகளுக்கு வளர்க்கப்படுபவை கொடுக்கும் விலையை அது குறைக்கின்றது எனலாம்.

மாற்றும் செயலில் அதிகாரமும் கலந்திருக்கின்றது. சில மீன்கள் ஒரு கல்லையும் ஒரு பொந்தையும் தமதென வரித்துக்கொண்டு, பின்வந்தவற்றைக் கடித்து விரட்டுவன. மாற்றும் நாளில் கற்கள் யாவும் இடம்மாறுவதால் இவ்வுரிமைகள் கலைந்துபோகின்றன. அந்நாளில் எளியதை முதலில் இறக்கி, வலியதைக் கடைசியில் இறக்குதல் வளர்ப்போர் பலர் கையாளும் முறை. எளியதும் தனக்கொரு பொந்தைத் தேடிக்கொள்ள அவகாசம் கிடைக்கும். வேந்தர்கள் கனவு கண்ட அதிகாரம் ஒரு வீட்டு விறாந்தையிலே கைகூடுகின்றது. பழைய காணி உறுதிகள் யாவும் செல்லாவென்று அறிவித்து, எளியோருக்கு முதற்பங்கு அளிக்கும் அரசு எங்கும் எளிதில் அமைந்ததில்லை. ஆயினும் இவ்வரசனைத் தெரிந்தெடுத்தவர் எவருமில்லை, நீக்கவல்லவரும் இல்லை.

சைவ சித்தாந்தம் பயின்ற யாழ்ப்பாணத்து வாசகர் இவ்விடத்தில் ஓர் ஒப்புமையை நினைத்தல் இயல்பு. உயிர்களுக்கு இறைவன் தனு, கரணம், புவனம், போகம் என்பவற்றைக் கொடுக்கின்றான் என்பது அக்கொள்கை. உடலும் கருவிகளும் வாழுமிடமும் நுகர்பொருளும் உயிர் கேளாமலே வந்தவை. தொட்டி வைத்திருப்பவரும் மீனுக்குப் புவனமும் போகமும் கொடுக்கின்றார், ஒளியை ஏற்றுகின்றார், அணைக்கின்றார், உணவு இடுகின்றார். சிறிய புவனத்தை எடுத்துவிட்டுப் பெரிய புவனத்தைக் கொடுக்கின்றார். ஆனால் ஒப்புமை இவ்வளவோடு முறிந்துவிடுகின்றது. சித்தாந்தத்தின்படி உயிர் இறைவனாற் கட்டுண்டது அன்று. மலம் அநாதியாகவே உயிரைப் பற்றியிருக்க, அதனை நீக்கும்பொருட்டே புவனம் தரப்படுகின்றது. தொட்டியிலோ கட்டியவரும் கொடுப்பவரும் ஒருவரே. கட்டியதன் நோக்கமும் கட்டியவரின் கண்ணுக்கு இன்பம். தரும் புவனம் எவ்வளவு அகன்றாலும் அது எந்த மலத்தையும் நீக்கப்போவதில்லை. ஆதலின் அருள் என்ற சொல்லை இச்செயலுக்குச் சூட்டுதல் பொருந்தாது. கடன் என்பதே பொருத்தமான சொல். கடனை முழுதாகக் கொடுத்துத் தீர்ப்பவரையும் எவரும் கொடையாளி என்று அழைப்பதில்லை. தவணையிற் கொடுப்பவரைக் கேட்கவும் வேண்டா.

மீனுக்குக் கடன்படுதல் என்பது மிகைக்கூற்று எனக் கொள்வோரும் உளர். விலங்குகள் சிந்திக்குமா பேசுமா என்பதன்று, துன்புறுமா என்பதே வினா எனப் பெந்தாம் 1789இலேயே எழுதினார். மீன் துன்புறுமா என்பது அதற்குப் பின்னரும் நெடுங்காலம் ஐயத்துக்குரியதாகவே இருந்தது. மீன்களின் தலைப்பகுதியில் ஊறுணரும் நரம்பு முனைகள் உள்ளன என்பதை 2003இல் ஸ்கொட்லாந்தில் நிகழ்ந்த ஆய்வு காட்டியது. ஏனைய மீன்களின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைத் தின்று வாழும் சிறு கடல்மீன் ஒன்று, கண்ணாடியில் தன் உருவைக் கண்டு, தன்மேல் இடப்பட்ட அடையாளத்தை உரசி நீக்க முயன்றதாக 2019இல் யப்பானிய ஆய்வாளர் அறிவித்தனர். இவற்றின் பொருள்பற்றிய விவாதம் ஓயவில்லை. எனினும் ஐயம் இருக்குமிடத்தில், அதன் பயனை அடைத்தவருக்கு அளிப்பதா அடைபட்டவற்றுக்கு அளிப்பதா என்பதை முடிவுசெய்ய விஞ்ஞானம் தேவையில்லை.

தொட்டிக்கலையின் வரலாற்றிலேயே இக்கடனின் சாயல் உண்டு. 1850ஆம் ஆண்டளவில் இலண்டனில் வாரிங்றன் என்னும் இரசாயனவியலாளர், தாவரமும் மீனும் நத்தையும் ஒன்றையொன்று தாங்கி ஒரு கண்ணாடிக் கலத்தில் வாழக்கூடும் எனக் காட்டினார். 1853இல் இலண்டன் விலங்கியற் பூங்காவில் மீன்சாலை திறக்கப்பட்டது. 1854இல் பிலிப் கென்றி கொஸ் எழுதிய நூல் கடல்நீர்த் தொட்டியை இல்லங்கள்தோறும் கொண்டு சேர்த்தது. கடல் உயிர்களைப் படைப்பின் அற்புதங்களாகப் போற்றிய பக்திமான் அவர். அவருடைய மகன் எட்மண்ட் கொஸ் 1907இல் எழுதிய வாழ்க்கை நூலிலே, தந்தையின் எழுத்தாற் கவரப்பட்டுத் திரண்டுவந்த கூட்டத்தினர் தெவன் கரையின் பாறைக் குளங்களைச் சூறையாடி வெறுமையாக்கியமையைத் துயரத்தோடு பதிவுசெய்தார். சென்னையின் கடற்கரையில் 1909இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட மீன்காட்சிச்சாலை இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மூடப்பட்டது. இன்றும் நன்னீர் அழகுமீன்களுட் பெரும்பாலானவை பண்ணைகளிற் பிறக்க, கடல் அழகுமீன்களுட் பெரும்பாலானவை கடலிலிருந்தே பிடிக்கப்படுகின்றன. மண்டபத்திலுள்ள ஆய்வு மையத்தில் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கும் முறை கைவந்தமை இவ்வகையில் ஒரு நற்செய்தி. அளவெட்டியில் பெருந்தொட்டி வைக்க விரும்புபவர் கீரிமலைக் கரையில் முருகைக்கல்லை உடைத்தெடுத்தல் சட்டத்துக்கும் அறத்துக்கும் மாறானது. 1998இன் கடல்வெப்ப உயர்வால் இலங்கையின் முருகைக் கற்பார்கள் பல வெளிறி மடிந்தபின் அது இன்னும் கொடியது. அதற்குத் தேவையும் இல்லை. கிணறு வெட்டும்பொழுது வெளிவரும் நுண்டுளைச் சுண்ணாம்புக்கல், பழைய தொட்டியின் ஒன்றிரண்டு உயிர்க்கற்களோடு சில மாதங்கள் கிடந்தால், தானும் உயிர்க்கல்லாகிவிடும். இலட்சக்கணக்கான ஆண்டுகளின் பின் அக்கல் மீண்டும் கடல்நீரைக் காண்கின்றது.

அகலமாக்குவதை விட்டு விடுதலையே செய்தாலென்ன? இக்கேள்விக்கு உலகம் கண்ட பேருதாரணம் கேக்கோ என்னும் ஓர்க்காத் திமிங்கிலம். 1979இல் ஐசுலாந்துக் கடலிற் பிடிபட்டு, மெக்சிக்கோ நகரக் கேளிக்கைப் பூங்கா ஒன்றின் சிறு தொட்டியிலே தோல்நோயுடன் வாழ்ந்த அது, 1993இல் ஒரு திரைப்படத்தில் தோன்றியமையால் உலகப் புகழடைந்தது. மக்கள் திரட்டிய பணத்தால் 1996இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்துக்கு, மிகப் பெரிய கடல்நீர்த் தொட்டி ஒன்றுக்கு, மாற்றப்பட்டது, எடை கூடியது, நோய் தணிந்தது. 1998இல் விமானத்தில் ஐசுலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு விரிகுடா ஒன்றில் வலையடைப்புக்குள் விடப்பட்டது. 2002இல் திறந்த கடலில் நீந்தி நோர்வேயை அடைந்தது. அங்கும் மனிதரையே தேடிச் சென்றது, படகுகளை அணுகியது. 2003 திசெம்பரில் இறந்தது. தன்னினத்தோடு அது முழுதாக ஒருபோதும் சேரவில்லை. பெரிய தொட்டி அதன் உடலைத் திருத்தியது என்பது மெய். கடல் திரும்பக் கிடைத்தபொழுது கடலில் வாழும் பயிற்சி அதனிடம் இல்லை என்பதும் மெய்யே. உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் என்னும் சித்தாந்தக் கருத்துக்கு இதனினும் துயரமான எடுத்துக்காட்டைக் காண்டல் அரிது. இம்முயற்சி வீண் எனச் சிலர் தீர்ப்பிட்டனர். அத்தீர்ப்பு ஏற்கத்தக்கதன்று, இருபது ஆண்டுச் சிறையை ஐந்து ஆண்டுகளில் அழிக்க இயலாமற் போனமைக்குப் பொறுப்பு சிறையினதேயன்றி விடுதலையினதன்று.

மீன்வளர்ப்பவர் எண்ணவேண்டிய இன்னோர் அபாயமும் உண்டு. அத்திலாந்திக்குக் கடலுக்கு உரியதல்லாத சிங்கமீன், 1980களில் புளோரிடாக் கரையில் முதலிற் காணப்பட்டு, பின்னர் கரிபியக் கடல் முழுதும் பரவி, அங்குள்ள சிறுமீன்களை அழித்து வருகின்றது. தொட்டிகளிலிருந்து விடப்பட்டவையே அதன் தொடக்கம் என ஆய்வாளர் கருதுகின்றனர். தொட்டி சிறிதாயிற்று என்பதற்காகவோ, இரக்கத்தாலோ கடலில் விடுதல், கடலிலுள்ள ஏனையவற்றுக்குத் தீங்காக முடியலாம். காங்கேசன்துறைக் கடலிற் பிடித்த மீனை, நோயின்றி, அண்மையிற் பிடித்த நிலையில் அங்கேயே விடுதல் ஒன்று. வேறு நாட்டுக் கடலிலிருந்து வந்ததைக் கீரிமலையில் விடுதல் வேறொன்று. இரண்டாவது வகையில், பிடித்த நாளிலேயே திரும்பும் வழி அடைபட்டுவிட்டது. பெருந்தொட்டி அங்கே நல்லதென்று தெரிந்தெடுக்கப்படுவதன்று. எஞ்சியிருக்கும் ஒரே வழி.

இவ்வாராய்ச்சியை மனிதர்மேல் ஏற்றிப் பார்க்கும் ஆவல் வலிகாமத்தவருக்கு எழாதிராது. 1990 முதல் வலிகாமம் வடக்கின் பல ஊர்கள் உயர்பாதுகாப்பு வலயத்துள் அடங்க, அவ்வூர் மக்கள் மல்லாகம், சுன்னாகம் பகுதி முகாம்களிலும் பிறவிடங்களிலும் வாழ்ந்தனர். அவருட் சிலர் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகவும் அவ்வாறிருந்தனர். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதுமே பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. அளவெட்டியும் அதில் அடங்கும். பின்னாளில் மாற்றுக் காணியும் மாற்று வீடும் பற்றிய பேச்செழுந்தபொழுது, பலர் தம் சொந்தக் காணியையே கேட்டனர். வீடு பெரிதா சிறிதா என்பது அவர்தம் கேள்வியாக இருக்கவில்லை. இவ்வொப்புமையை இதற்குமேல் நீட்டுதல் மனிதரை இழிவுபடுத்துவதாகும். அவர்கள் மீன்கள் அல்லர். தமக்கு எது வேண்டும் என்பதை வாய்திறந்து கூறினர். அக்கூற்றைக் கேட்டபின்னும் சதுர அடிக் கணக்கிலே விடை கூறியவர்கள்தாம் அவர்களை மீன்களாக எண்ணினர்.

பேசாத உயிர்களின் விடயத்திலோ அளவுகோல் முழுவதும் மாற்றுபவரின் கையிலே இருக்கின்றது. அதனால், அவர் எதற்காக மாற்றினார் என்பதை அவருடைய சொற்களிலிருந்து அறிதல் இயலாது. பெரிய தொட்டி வந்த மறுவாரமே, இடம் நிறைய உண்டு என்று புதிய மீன்களை வாங்கிவந்து நிரப்புவாராயின், அகன்றது சிறையின் சுவரன்று, சிறைவாசிகளின் தொகையே. அன்றியும், வெறுமையான பழைய தொட்டி ஒன்று மூலையில் எஞ்சியிருக்கின்றது. அதனைக் கழுவி, வேறு மீன்களை இட்டு மீண்டும் நிரப்பும் ஆசை வலியது. கண்ணாடி வீணாகக் கிடக்கின்றதே என்ற சிக்கன எண்ணமும் அதற்குத் துணைநிற்கும். அதற்கு நேர்மையான பயன் ஒன்று உண்டு. மீன்களுள் ஒன்று நோயுறும்பொழுது, ஏனையவற்றுக்கு அது தொற்றாதபடியும், மருந்து பெருந்தொட்டியின் கற்குடிகளைக் கொல்லாதபடியும், பிரித்து வைத்துப் பார்ப்பதற்கு நூறு லீற்றர் தாராளமாகப் போதும். நோய் இல்லாத நாட்களில் அது வெறுமையாகவே இருக்கும்.